பலாமரம் வரை ஐம்பது மீற்றர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மைதானம் இல்லை என்று யாராவது சொன்னால் அதிபருக்குக் கோபம் வந்துவிடும். "ஏன், பின்னால இருக்குத் தானே மிஸ்?" என்பார். பின்னால் இருந்தது ஒரு சரிவான நிலம். ஒரு பக்கம் வகுப்பறைச் சுவர், மறுபக்கம் யாருடையதோ மிளகுத் தோட்டத்து வேலி. மழை பெய்தால் மேலேயிருந்து தண்ணீர் வரும், கீழேயிருந்து அட்டை வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கயிறு பிடித்து அளந்து பார்த்தேன். இழுத்துப் பிடித்தால் ஐம்பது மீற்றர். அந்த ஐம்பதாவது மீற்றரில் ஒரு பலாமரம் நின்றது. அதற்கு அப்பாலும் ஓட வேண்டுமென்றால் மிளகுக் கொடிக்குள் புகுந்துதான் ஓட வேண்டும்.

பலாபத்வலைச் சந்தியிலிருந்து உள்ளே போகும் வீதியில் இருந்தது அந்தப் பள்ளி. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நான் மாத்தளை டவுனிலிருந்து காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்பி வருவேன். உடற்கல்விக்கென்று அங்கே வந்த முதல் ஆள் நான்தான். ஆகவே என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மணி அடிக்கச் சொன்னார்கள். சத்துணவுக்கு வரிசை பிடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கச் சொன்னார்கள். விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன்.

என்னுடைய பாடவேளைகளுக்கு ஒரு நிரந்தர எதிரி இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சை. ஐந்தாம் வகுப்பு டீச்சர் என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மைதானத்து மூலையில் வந்து நின்று, "இன்னைக்கு மட்டும் ஒங்க பாடத்தத் தாங்களேன், ஒரு பேப்பர் செய்ய இருக்கு" என்பார். அவருடைய 'இன்னைக்கு மட்டும்' செவ்வாயும் வரும், வியாழனும் வரும். முதல் தவணையில் கொடுத்தேன். இரண்டாம் தவணையில் சண்டை பிடித்தேன். "அக்கா, தலையை மட்டும் பரீட்சைக்கு அனுப்ப முடியாது, அதைத் தூக்கிட்டுப் போறதுக்குக் காலும் வேணும்" என்று நான் சொன்னது பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது பிறவிக் குணம், பல இடங்களில் உதவியும் இருக்கிறது.

ஐம்பது மீற்றரில் நூறு மீற்றர் ஓடுவது எப்படி? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வழி கண்டுபிடித்தேன். சுவரோரம் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு அதில் நான் நிற்பேன். பிள்ளைகள் என் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் போய், பலாமரத்தைக் கையால் தொட்டு, திரும்பி என்னிடமே ஓடி வர வேண்டும். முடிவுக் கோடு பிடிக்க இன்னொரு ஆள் இல்லாததால் என் கைகள்தான் முடிவுக் கோடு. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பேன். யார் முதலில் வந்து என் உள்ளங்கையில் அடிக்கிறாரோ அவருக்கு முதலிடம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மிஸ்ஸை அடிக்க அனுமதி கிடைத்த பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது? ஒரு வருடத்தில் பலாமரத்தின் பட்டை, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. என் உள்ளங்கையும் வியாழக்கிழமைகளில் சிவந்துதான் வீட்டுக்கு வரும்.

ஓடுகிறவர்களில் ஒருத்தியை அவள் நாலாம் வகுப்பில் இருக்கும்போதுதான் கவனித்தேன். ஒல்லிப் பிள்ளை. வாப்பா சந்தியில் ஓட்டோ ஓட்டுபவர். வகுப்பில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஓடும்போது மட்டும் இடது முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு வரும், நெரிசலான பஸ்ஸில் இறங்குவதற்கு வழி பிடிக்கிற மாதிரி. அந்த முழங்கையை உள்ளே அடக்கச் சொல்லி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அடங்கவில்லை, அது அவளுடைய ஓட்டம்.

அவளுடைய அழகு மரத்தடியில் தெரியும். மற்றப் பிள்ளைகள் மரத்தில் போய் மோதி, மூச்சு வாங்கி, பிறகு திரும்புவார்கள். இவள் மரத்துக்கு வருமுன்பே உடம்பைப் பாதி திருப்பியிருப்பாள். கை பட்டையில் பட்ட சத்தம் கேட்கும்போது முகம் என் பக்கம் இருக்கும். அந்தத் திருப்பத்தை அவளுக்கு நான்தான் பழக்கினேன். ஒரு தவணை முழுக்கப் பழக்கினேன். தொடு, திரும்பு, மிஸ்ஸிடம் வா. அவள் என் உள்ளங்கையில் அடித்துவிட்டு, "பெர்ஸ்ட்டா மிஸ்?" என்று கேட்பாள். பின்னால் இருபது மீற்றருக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினால்தான் நகர்வாள்.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் வலயப் போட்டிக்குச் சுற்றுநிருபம் வந்தது. பதினொரு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு நூறு மீற்றர். எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு முன் ஒருவரும் போனதில்லை. நான் ஃபோனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். மற்றப் பள்ளிகளில் இருந்த தோழிகளிடம் அவர்களுடைய பிள்ளைகளின் நேரத்தைக் கேட்டேன். மரத்தைத் தொட்டுத் திரும்பி வந்தும் என் பிள்ளை அவர்களுக்குச் சமமாக இருந்தாள். ஆசிரியர் அறையில் போய்ப் பெருமையடித்தேன். "திரும்பி ஓடியே இந்த வேகம்னா, நேரா ஓடவிட்டா எப்படி இருக்கும்?" என்றேன். இதை அதிபரிடம் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடமும் சொன்னேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு விஷயம் அது என்றே எனக்குத் தோன்றவில்லை. நூறு மீற்றர் என்றால் நேராக ஓடுவது என்று எல்லாருக்கும் தெரியும் தானே. அவள் பிறந்ததிலிருந்து ஓடிய ஒரே மைதானத்தில் நூறு மீற்றருக்கு நடுவில் ஒரு மரம் நின்றது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

போட்டியன்று அவளுடைய வாப்பா எங்களை ஓட்டோவில் டவுன் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அன்று வேறு ஹயர் எடுக்கவில்லை. புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார். "ஒரு சைஸ் பெருசு மிஸ், அடுத்த வருஷம் மாகாணத்துக்கும் போடணும் தானே" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். "நானா, முதல்ல இன்னைக்கு ஓடட்டும்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் அவரைவிடப் பெரிய சைஸில் ஆசை இருந்தது.

அவ்வளவு பெரிய, அவ்வளவு சமமான புல்தரையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. வாப்பா வேலியோரம் போய் நின்றுகொண்டார். நான் அவளைப் புறப்படும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். விசில் ஊதினார்கள். முதல் இருபது மீற்றரில் முழங்கை வெளியே வந்தது. நாற்பதில் அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதாவது மீற்றரில் சின்னப் பிள்ளைகளின் ஓட்டத்துக்காகக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவள் வேகம் குறைந்தது. குனிந்தாள். கோட்டைக் கையால் தொட்டாள். திரும்பினாள். மற்ற ஏழு பேரும் அவளைக் கடந்து அந்தப் பக்கம் ஓட, அவள் தனியாக இந்தப் பக்கம் ஓடி வந்தாள். நான் இரண்டு கைகளையும் நீட்டி, அங்கே போ, அங்கே போ என்று காட்டினேன். அவள் இன்னும் வேகமாக என்னிடம் வந்தாள். என் உள்ளங்கையில் பளாரென்று ஒரு அடி.

"பெர்ஸ்ட்டா மிஸ்?"

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மைதானம் முழுக்கச் சிரித்தது. ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தவர் ஏதோ பகிடி சொல்லி அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மற்றப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் கயிற்றைத் தாண்டி நிற்பதைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. என் சிரிப்பு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை, அதை மறைப்பதில் ஒரு பயனும் இல்லை.

ஓட்டோவில் திரும்பி வந்தோம், அவள் என் பக்கத்தில். சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையைத் தடவி, "பரவாயில்ல புள்ள" என்றேன். பிழை என்னுடையது என்று சொல்லவில்லை. வாப்பாவின் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் சொன்னது வேறு. ஆசிரியர் அறையில் பிளேன்டீயும் பணிஸும் வைத்துக்கொண்டு எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். எப்படி ஓடினாள், எப்படிக் குனிந்தாள், எப்படி வந்து என் கையில் அடித்தாள். எனக்குக் கதை சொல்ல வரும். அதிபர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்போ ரிட்டன் டிக்கட் எடுத்திருக்கா" என்றார் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நல்ல பகிடி என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஆசிரியர் அறைக்குக் கதவு இருந்ததே தவிர, மேலே பலகை அடிக்காத இடைவெளி வழியாக எல்லாம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். இன்டர்வெல் முடிவதற்குள் அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நின்றாலும் ரிட்டன் டிக்கட், வரிசையில் நின்றாலும் ரிட்டன் டிக்கட்.

வியாழக்கிழமை அவள் ஒரு கடுதாசி கொண்டுவந்தாள். மகளுக்குக் காலில் நோவு, விளையாட விட வேண்டாம் என்று வாப்பா எழுதியிருந்தார். காலைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவள் மடித்த கையோடு நின்றாள். "சரி, அங்க உக்காரு" என்றேன். சுவரோரம் உட்கார்ந்து கணக்கு பேப்பர் செய்தாள். அடுத்த வியாழனும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரு பாடவேளைகூடக் கேட்காமலே என்னிடமிருந்து ஒரு பிள்ளையை வென்றுவிட்டார். சந்தியில் அவளுடைய வாப்பாவைக் கண்டபோது அவரே சொன்னார், "கால்ல ஒன்னுமில்ல மிஸ். புள்ள அழுதா. நான் எழுதிக் குடுத்தேன்." அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். கதை சொல்லத் திறந்த வாய் மன்னிப்புக் கேட்கத் திறக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த வருடம் முடிய அவள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனாள். கொஞ்ச நாளில் அவர்கள் உம்மாவின் ஊருக்கே போய்விட்டதாகச் சந்தியில் இருந்த மற்ற ஓட்டோக்காரர்கள் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டேன், ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

பிறகு எனக்குக் கலேவெலப் பக்கம் இடமாற்றம் வந்தது. வயல் ஊர், வெயில் ஊர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பலகை போட்டு மட்டம் பார்த்ததுபோல ஒரு வெளி. முதல் நாள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு போனேன், போனேன், முடியவில்லை. நூறு மீற்றரும் நேராக, நடுவில் ஒரு செடிகூட இல்லாமல். கோட்டின் அந்த முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். இங்கே அவளை ஓட விட்டிருக்கலாமே என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வகுப்பிலும் தேடினேன். வேகமான பிள்ளைகள் வந்தார்கள், மாகாணம்வரை போனவர்களும் உண்டு. முழங்கையை உள்ளே அடக்கி, ஒழுங்காக ஓடினார்கள். அவர்களைப் பார்த்துக் கை தட்டும்போதே மனம் இன்னொரு பிள்ளையை அவர்களுக்குப் பக்கத்துக் கோட்டில் ஓடவிட்டு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். அவள்தான் எப்போதும் முந்தி வருவாள்.

கலேவெலைக்குப் போகும் பஸ் பலாபத்வலைச் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் அந்த ஓட்டோ வரிசையை எட்டிப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்கேயும் திரும்பாமல் நேராக ஓடி முடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது நடந்தால் அந்தச் சிரிப்பு என் காதிலிருந்து போய்விடும் என்று நம்பினேன். எட்டு வருடம் இந்த ஆசையோடு பஸ்ஸில் போய் வந்தேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். "மிஸ்" என்று பின்னால் குரல். திரும்பினால் என்னைவிட உயரமான ஒரு பெண்பிள்ளை, தோளில் பை, தலையில் கறுப்பு ஸ்கார்ஃப். சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. கண்டியில் தாதியர் வகுப்புக்குப் போகிறாளாம், அங்கேயே ஹொஸ்டலில் இருக்கிறாளாம். வாப்பா சுகம், உம்மாவுக்குத்தான் சீனி வருத்தம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"இப்ப ஓடுறியா புள்ள?"

"இல்ல மிஸ். அதுக்குப் பொறவு ஓடவே இல்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்த வெள்ளக் கோடு" என்றேன். "அதை அங்க போட்டிருக்கக் கூடாது. நீ மரம்னு நெனச்சிட்ட. நான் ஒனக்குச் சொல்லியிருக்கணும்." எட்டு வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கோட்டைப் பார்த்து நான் திரும்பல்ல மிஸ். அங்க போனதும் எனக்கே ஒரு மாதிரி இருந்திச்சு. மரத்தக் காணல்ல. மத்தப் புள்ளைங்களும் திரும்புற மாதிரி தெரியல்ல. நேரா போறதா, வாறதான்னு தெரியாமத் திரும்பிப் பார்த்தேன். நீங்க ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னீங்க. கோட்டத் தொட்டது அதுக்குப் பொறவு தான்."

அவள் திரும்பிய பிறகுதான் கையை நீட்டினேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"ஓடுறதுக்கு முந்திக் கேட்டேன் தானே மிஸ், நீங்க எங்க நிப்பீங்கன்னு. இங்க தான் நிப்பேன், பயப்படாத போன்னு சொன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்த அந்த நாளில் அந்த வார்த்தை மட்டும் இல்லவே இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். பயந்த பிள்ளைக்கு அதைத்தான் சொல்வேன்.

"கிட்ட வரக்குள்ள நீங்க சிரிச்சிக்கிட்டு நின்னீங்க" என்றாள். "நான் பெர்ஸ்ட்டுன்னு நெனச்சிட்டேன்."

இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், வேறு யாருடைய சின்ன வயதுக் கதையையோ சொல்வதுபோல. நான் அவள் கையைப் பிடித்தேன். "அன்னைக்கு நான் சிரிச்சது..." என்று தொடங்கினேன்.

"பரவாயில்ல மிஸ்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து "நுவர, நுவர" என்று கத்திக்கொண்டு கண்டி பஸ் நகரத் தொடங்கியது. "ஐயோ, இது போனா ஹொஸ்டல் கேட் மூடிடுவாங்க. வாறேன் மிஸ்." கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள். கூட்டத்துக்குள் அந்த இடது முழங்கை வெளியே வந்தது. பை தோளில் அடிக்க அடிக்க, மரக்கறிக் கூடைகளைத் தாண்டி, நின்ற ஆட்களைத் தாண்டி, நேராக ஓடினாள். நூறு மீற்றர் இருக்கும். பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். மிதிபலகையில் நின்ற கண்டக்டர் நீட்டிய கையைப் பிடித்து ஏறினாள்.

நான் ஆசைப்பட்டது அதுதான். அவள் நேராக ஓடி முடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் என் கை என்னை அறியாமல் முன்னால் நீண்டிருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று, அவள் விட்டுப் போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பஸ் வளைவில் மறையும்வரை அவள் திரும்பவில்லை.